போனை ‘ரூட்’ செய்தல்: சொல்லும் பொருளும் பாதுகாப்பும்

மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் ‘ரூட்’ என்றால் பஸ் போகிற வழி. மேலூர் ரூட், நத்தம் ரூட், திருமங்கலம் ரூட். ஒரு பையன் ‘ரூட்டு விடுறான்’ என்று சொன்னால் அதுவும் இந்த வழியிலிருந்து கிளைத்த பேச்சுதான். அதே ஆள் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் வந்து செல்போன் கடையில் ‘ரூட் பண்ணணும்’ என்று கேட்டால் அது முற்றிலும் வேறு சங்கதி. தமிழில் எழுதும்போதும் சொல்லும்போதும் இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்திலோ இவை எந்த உறவும் இல்லாத இரண்டு சொற்கள்.

வழியைக் குறிக்கும் ரூட், லத்தீன் மொழியில் ‘உடைத்துத் திறந்த பாதை’ என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. போனில் சொல்லப்படும் ரூட், வேரைக் குறிக்கும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லான ‘ரோட்’ என்பதிலிருந்து வந்தது. வேர் என்று பொருள்படும் லத்தீன் ‘ராடிக்ஸ்’ இதற்குத் தூரத்து உறவு. முள்ளங்கியை ஆங்கிலத்தில் ‘ராடிஷ்’ என்கிறோமே, அது அந்த ராடிக்ஸின் பிள்ளை.

இந்தக் குழப்பத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ரூட்டை வழி என்று புரிந்துகொண்டவர்கள், ரூட் செய்வதை ஏதோ ஒரு குறுக்குவழி என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடைகளில் இப்படிப் பேச்சு நடக்கும்:

“அண்ணே, பேட்டர்ன் மறந்துபோச்சு. ரூட் பண்ணித் திறந்து குடுங்கண்ணே.”

“அதுக்கு எதுக்கு தம்பி ரூட்டு? ரீசெட் பண்ணாப் போதும். ஆனா உள்ள இருக்க போட்டோ எல்லாம் போயிரும். பழைய கூகுள் அக்கவுண்டு பாஸ்வேர்டு கேக்கும், அது ஞாபகம் இருக்கா?”

அண்ணன் சொன்னதுதான் சரி. பூட்டுத் திறப்பது ஒன்று, சாஃப்ட்வேர் ஏற்றுவது ஒன்று, ரூட் செய்வது ஒன்று. ரூட் செய்தால் போன் வேகமாகும் என்பதும் தவறு. ரூட் என்பது ஒரு பயனரின் பெயர். போனுக்குள் அந்தப் பயனராக மாறும் உரிமையைப் பெறுவதைத்தான் ‘ரூட் பண்றது’ என்கிறோம்.

பெயர் எப்படி வந்தது என்று பார்க்க யூனிக்ஸ் வரைக்கும் போக வேண்டும். 1969 வாக்கில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். அதில் கோப்புகள் எல்லாம் ஒரு தலைகீழ் மரம்போல அடுக்கப்பட்டிருக்கும். எல்லாக் கிளைகளும் புறப்படும் இடம் ஒன்றே ஒன்று. அதைச் சாய்கோடு ஒன்றால் குறித்து ‘ரூட்’ அடைவு (டைரக்டரி) என்றார்கள். எல்லாக் கோப்புகள்மீதும் அதிகாரம் உள்ள ஒரு பயனரையும் வைத்தார்கள். பழைய யூனிக்ஸில் அந்தப் பயனரின் வீட்டு அடைவே இந்த ரூட் அடைவுதான். அடைவின் பெயர் ஆளுக்கும் ஒட்டிக்கொண்டது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இயங்குதளத்தின் கரு (கெர்னல்), ‘ரூட்’ என்ற பெயரையே பார்ப்பதில்லை. அது பார்ப்பது பயனர் எண்ணை. எண் 0 என்றால் கேள்வி இல்லை. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் இந்த ஏற்பாட்டையே எடுத்துக்கொண்டது. அந்த லினக்ஸ் கருவின்மேல் எழுந்ததுதான் ஆண்ட்ராய்டு. ஆகவே உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனுக்குள்ளும் அந்தப் பூஜ்ய எண் பயனர் இருக்கிறார். போனைத் தயாரித்த நிறுவனம் அவருடைய இடத்துக்கு உங்களை விடுவதில்லை, அவ்வளவுதான்.

ஏன் விடுவதில்லை? மதுரையின் பழைய தெருக்களில் இருக்கும் காம்பவுண்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாசல், உள்ளே பல குடித்தனம், ஒவ்வொன்றுக்கும் தனிப்பூட்டு. ஆண்ட்ராய்டில் நீங்கள் நிறுவும் ஒவ்வொரு ஆப்புக்கும் 10000-இல் தொடங்கும் ஒரு தனிப் பயனர் எண் கிடைக்கிறது. ஒரு குடித்தனம் இன்னொன்றின் அறைக்குள் நுழைய முடியாது. ரூட் என்பவர் எல்லா அறைச் சாவியும் வைத்திருப்பவர். வங்கி ஆப் சேமித்து வைத்திருப்பதையும் அவர் படிக்கலாம், போனை எழவே முடியாதபடி கோப்புகளை அழிக்கவும் செய்யலாம். இப்போது ஒரு விளையாட்டு ஆப்புக்கு அந்தச் சாவியை நீங்கள் கொடுத்துவிட்டால்?

முதல் ஆண்ட்ராய்டு போனிலேயே இந்தச் சாவி தெரியாமல் வெளியே கிடந்தது. 2008-இல் எச்டிசி தயாரித்து டி-மொபைல் ஜி1 என்ற பெயரில் வந்த போன் அது. அதன் தட்டச்சுப் பலகையில் அடிப்பதெல்லாம் திரைக்குப் பின்னால், கட்டளைகளை வாங்கிச் செய்யும் ‘ஷெல்’ என்ற நிரலுக்கும் ரூட் பயனரின் பெயரில் போய்க்கொண்டிருந்தது. அரட்டையில் ‘ரீபூட்’ என்று எழுதி எண்டர் தட்டினால் போன் நிஜமாகவே அணைந்து எழுந்தது! சில நாட்களில் அதை அடைத்துவிட்டார்கள். ஆனால் உலகம் முழுக்கப் போனை ரூட் செய்யும் பழக்கம் அந்த ஓட்டையிலிருந்துதான் சூடுபிடித்தது.

தமிழர்களுக்கு ரூட் அறிமுகமானதில் வேறொரு காரணமும் உண்டு. தொடக்ககால ஆண்ட்ராய்டில் தமிழ் தெரியாது. தமிழ்ச் செய்தி தளத்தைத் திறந்தால் வரிசையாகக் கட்டம் கட்டமாக வரும். ஓபரா மினி உலாவியில் எழுத்தைப் படமாக மாற்றிக் காட்டும் ஓர் அமைப்பு இருந்தது, பலர் அதை வைத்து ஒப்பேற்றினார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ரூட் செய்து, சிஸ்டம் அடைவுக்குள் இருக்கும் எழுத்துருக் கோப்பைத் தமிழ் உள்ள கோப்பால் மாற்ற வேண்டும். தாய்மொழியைப் படிக்கவே ரூட் தேவைப்பட்ட காலம் அது. ஆண்ட்ராய்டு 4 தலைமுறைக்குப் பிறகு அந்தத் தேவை போய்விட்டது. இப்படித்தான் ஒவ்வொரு காரணமாகக் கழன்றது. திரையைப் பதிவு செய்ய, விளம்பரத்தை மட்டுப்படுத்த, தேவையற்ற ஆப்களை ஒதுக்க இன்று ரூட் இல்லாமலே வழி இருக்கிறது. கைவிடப்பட்ட பழைய போனை ஆராய, முழுமையாகக் காப்பெடுக்க (பேக்கப்), இயங்குதளம் எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு அது இன்றும் உதவும். கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை ஒன்றே போதுமான காரணம் என்பேன். ஆனால் அதற்குத் தினமும் ஜிபே செய்கிற போனை எடுக்க வேண்டாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

கூகுளில் மொழிபெயர்த்ததுபோல் ‘வேரூன்றிய போன்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வேரூன்றுதல் என்றால் நிலைபெறுதல். போன் எங்கும் நிலைபெறவில்லை, எனவே இது பொருந்தாது. அடுத்தது ‘மூலம்’. பள்ளிக்கூடத்தில் வர்க்கமூலம் படித்தவர்களுக்கு இது உடனே தோன்றும். மூலஸ்தானம், மூலவர், பத்திரப்பதிவில் கேட்கும் மூலப்பத்திரம் எல்லாம் நம் நாவில் இருப்பவை. ஆனாலும் கணினித் தமிழில் மூலம் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. நிரலின் ‘சோர்ஸ் கோட்’ என்பதை மூலநிரல் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஊற்றுக்கு ஒரு சொல், வேருக்கு ஒரு சொல் என்று பிரித்து வைப்பதுதான் படிப்பவருக்கு நல்லது. தவிர, ‘இதன் மூலம்’ என்று வாக்கியத்துக்கு வாக்கியம் வருகிற சொல்லைக் கலைச்சொல்லாக்கினால் ‘மூலம் மூலம்’ என்று எழுத வேண்டிவரும்.

மிஞ்சுவது வேர். அடி, தொடக்கம் என்ற பொருளில் வேரை அறிவுத்துறைக்குள் அழைப்பது நமக்குப் புதிதில்லை. சொல்லின் அடியைத் தேடுவதை வேர்ச்சொல் ஆய்வு என்கிறோம். அதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட தேவநேயப் பாவாணர் கடைசியாகக் கலந்துகொண்டது, 1981-இல் இதே மதுரையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டில்தான். ஆகவே ரூட் பயனரை வேர்ப்பயனர் என்றும், ரூட் அடைவை வேரடைவு என்றும் சொல்லலாம். இழுபறி வருவது ‘ரூட் ஆக்ஸஸ்’ என்பதில். வேர் அணுகல், வேரணுக்கம் என்று எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் அணுகுதல் என்றால் பக்கத்தில் போதல். இங்கே நடப்பது பக்கத்தில் போவது மட்டுமில்லை, முழு அதிகாரமும் கைக்கு வருகிறது, கூடவே பொறுப்பும் வருகிறது. அதனால் ‘வேருரிமை’ என்பதுதான் என் தேர்வு. வேருரிமை பெறுதல், வேருரிமை கொடுத்தல், வேருரிமையை நீக்குதல் என்று வினையோடு சேர்த்தாலும் இடிக்காமல் வருகிறது. பூட்லோடர், ஃபாஸ்ட்பூட், மேஜிஸ்க் போன்ற கருவிப் பெயர்களை அப்படியே விட்டுவிடலாம். கடையிலும் கணினித் திரையிலும் அந்தப் பெயர்களைத்தான் பார்க்கப் போகிறீர்கள்.

இனி, வேருரிமையைப் பாதுகாப்பாகப் பெறும் விதம். முதல் தடை பூட்லோடர். போன் எழும்போது முதலில் ஓடி, நிறுவனம் முத்திரையிட்ட இயங்குதளம்தானா என்று சரிபார்த்து உள்ளே விடும் நிரல் அது. அதைத் திறக்க எல்லா நிறுவனமும் சம்மதிப்பதில்லை. ஹுவாவே 2018-இல் திறப்புக் குறியீடு தருவதையே நிறுத்திவிட்டது. ஷாவ்மியில் விண்ணப்பித்துவிட்டுப் பல நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். சாம்சங்கில் மாற்றிய கோப்பை ஏற்றிவிட்டால் நாக்ஸ் என்ற காப்புமுறையின் குறி 0-விலிருந்து 1 ஆகிவிடும். அதைத் திரும்ப மாற்ற முடியாது, செக்யூர் ஃபோல்டர் போன்ற வசதிகள் நிரந்தரமாகப் போய்விடும். எனவே எதையும் தொடுவதற்கு முன் உங்கள் மாடலுக்கு என்ன விதி என்று பாருங்கள். அனுமதி இல்லாத மாடலா, அதோடு விட்டுவிடுங்கள். ‘ஒரே தட்டில் ரூட்’ என்று வரும் ஆப்களை நிறுவ வேண்டாம். யாரோ எழுதிய நிரலுக்கு, அது என்ன செய்கிறது என்று தெரியாமலே பூஜ்ய எண்ணைத் தூக்கிக் கொடுக்கிறீர்கள்.

அனுமதி இருந்தால், முதலில் காப்பெடுங்கள். பூட்லோடரைத் திறக்கும்போது போனில் உள்ள அனைத்தும் அழியும். அது கோளாறு இல்லை, திருடியவன் திறந்தாலும் உங்கள் படங்கள் அவனுக்குக் கிடைக்கக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. படங்கள், தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ஓஈஎம் அன்லாக்கிங்கையும் யூஎஸ்பி டீபக்கிங்கையும் இயக்கிவிட்டு, உங்கள் மாடலுக்கு உரிய முறையில் பூட்லோடரைத் திறக்க வேண்டும். பேட்டரி பாதிக்குமேல் இருக்கட்டும், நல்ல கேபிளாக இருக்கட்டும். மின்சாரம் போய்ப்போய் வருகிற நேரமென்றால் மேசைக் கணினியில் உட்காராதீர்கள், லேப்டாப்தான் சரி.

அடுத்ததில்தான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். போன் எழுவதற்கான ‘பூட்’ கோப்பை எடுத்து, வேருரிமையை நிர்வகிக்கும் மேஜிஸ்க் ஆப்பில் கொடுத்து, அது திருத்தித் தரும் கோப்பை, கணினியிலிருந்து போனுக்குள் கோப்பை ஏற்றும் ஃபாஸ்ட்பூட் வழியாக ஏற்றுவதுதான் இன்றைய முறை. ஆண்ட்ராய்டு 13-உடன் வெளிவந்த பல போன்களில் இதற்கு ‘இனிட் பூட்’ என்ற தனிக்கோப்பு இருக்கும். எதுவானாலும் அந்தக் கோப்பு உங்கள் போனில் இப்போது ஓடுகிற அதே பில்டு எண்ணுக்கு, அதாவது அதே மென்பொருள் பதிப்புக்கு, உரியதாக இருக்க வேண்டும். மாடல் ஒன்றுதானே என்று போன மாதப் பதிப்பின் கோப்பைப் போட்டால் போன் லோகோவிலேயே நின்று சுற்றும். அப்படி நின்றாலும் பதற வேண்டாம், திருத்தாத பழைய கோப்பை மறுபடி ஏற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். அதனால்தான் அந்த அசல் கோப்பைக் கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். திருத்திய கோப்பு உள்ளே இருக்கும்போது பூட்லோடரைத் திரும்பப் பூட்ட மட்டும் கூடாது. முத்திரை ஒத்துப்போகாமல் போன் எழவே எழாது, ‘பிரிக்’ ஆகிவிட்டது என்பார்களே, அந்த நிலை.

எல்லாம் சரியாக முடிந்ததா என்று அறிய, கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்ப உதவும் ஏடிபி ஷெல்லுக்குள் போங்கள். வரியின் முனையில் டாலர் குறி நிற்கும். சாதாரணப் பயனர் என்று பொருள். அங்கே ‘எஸ்யூ’ என்று இரண்டெழுத்து அடித்தால் போன் திரையில் மேஜிஸ்க் ஒரு பெட்டியைக் காட்டும். இன்ன நிரல் வேருரிமை கேட்கிறது, கொடுக்கலாமா, மறுக்கலாமா என்று கேட்கும். அதில் வினாடிகள் குறைந்துகொண்டே வரும், நீங்கள் பேசாமல் இருந்தால் மறுத்துவிடும். ‘கிராண்ட்’ தட்டியதும் டாலர் மறைந்து ஹேஷ் குறி வரும். ‘ஐடி’ என்று அடித்தால் யூஐடி 0, ரூட் என்று பதில் வரும். இனி எந்த ஆப் கேட்டாலும் இதே பெட்டிதான் வரும். அதில் அவசரப்பட்டு விரலை வைக்காமல் இருப்பதில்தான் உங்கள் பாதுகாப்பு இருக்கிறது.

இதன் பிறகு பல வங்கி ஆப்களும் யுபிஐ ஆப்களும் திறக்க மறுக்கும். சில படங்களும் தொடர்களும் உயர்தரத்தில் ஓடாது. நிறுவனம் அனுப்பும் புதிய பதிப்பு நேரடியாக ஏறாது, அசல் கோப்பைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டிவரும். வாரண்டி மறுக்கப்படலாம். ரூட் செய்ததை இந்த ஆப்களிடமிருந்து மறைப்பதற்கு மாட்யூல்கள் (துணைநிரல்கள்) இருக்கின்றன என்பார்கள். காசு புழங்குகிற போனில் அந்த ஒளிந்துபிடி விளையாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

போனை விற்கும் முன் மேஜிஸ்க்கை நீக்கி, நிறுவனத்தின் அசல் பதிப்பை முழுதாக ஏற்றி, அதன் பிறகு பூட்லோடரைப் பூட்டி, ரீசெட் செய்து கொடுங்கள். பழைய போன் வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். லோகோ வரும் முன்னோ லோகோவோடு சேர்ந்தோ, பூட்லோடர் திறந்திருக்கிறது, மென்பொருளை நம்ப முடியாது என்று ஒரு எச்சரிக்கை வந்தால் அந்தப் போனில் யாரோ ஏற்கெனவே கை வைத்திருக்கக்கூடும். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அசல் பதிப்பை ஏற்றி, பூட்லோடரையும் பூட்டித் தரச் சொல்லி, அந்த எச்சரிக்கை மறைந்ததைப் பார்த்த பிறகு சிம்மைப் போடுங்கள்.