எக்ஸ்ட்ரீமோபைல்: கடுஞ்சூழல் விரும்பி

மாரிக்காலத்தில் உப்புக் கருவாட்டின் மேல் ரோசா நிறத்தில் ஒரு பிசுபிசுப்புப் படர்வதுண்டு. வாழைச்சேனைப் பக்கம் கருவாடு விற்பவர்களிடம் கேட்டால் "ஈரம் பட்டிட்டு" என்பார்கள். ஈரம் பட்டது சரிதான். நிறம் மட்டும் உயிருள்ள நுண்ணங்கிகளுடையது. மீன் கெடாமல் இருக்கத்தானே உப்புப் போடுகிறோம்? இவை வந்து சேருவதே அந்த உப்போடுதான். உப்பளப் பாத்தியில் கடல்நீர் வற்ற வற்றப் பெருகி, உப்போடு சாக்கில் ஏறி, கருவாட்டில் ஈரமும் வெக்கையும் கிடைத்ததும் மீனின் புரதத்தைத் தின்னத் தொடங்கிவிடும். ஹலோபற்றீரியம் இந்தக் கூட்டத்தில் ஒன்று. பெயரில் பற்றீரியா இருந்தாலும், சாதியில் அது ஆர்க்கியா, அதாவது பற்றீரியாவைப் போல ஒற்றைக் கலத்தால் ஆனாலும் வேறொரு நுண்ணங்கிக் கூட்டம்.

இப்படி மற்ற உயிர்கள் அண்டமுடியாத இடத்தில் வாழ்பவற்றுக்கான பொதுப்பெயர் எக்ஸ்ட்ரீமோபைல். 1974இல் மக்எல்ரோய் என்பவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். முன்பாதி இலத்தீன், 'கடைக்கோடி' என்று பொருள். பின்பாதி கிரேக்கம், 'அன்பு'. இரண்டு மொழியை ஒட்டுப்போட்ட சொல்தான், என்றாலும் நிலைத்துவிட்டது.

தமிழில் 'கடுஞ்சூழல் விரும்பி' பொருந்தும். 'தாங்கி' என்று வைத்தால் என்ன என்று கேட்கலாம். ஹலோபற்றீரியத்தை நல்ல தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: கலம் உடைந்து செத்துப்போகும். கடல்நீரின் 3.5 சதவீத உப்பும் அதற்குக் காணாது. அதைப்போல நாலைந்து மடங்கு வேண்டும். இதைப் போய்த் தாங்கி என்பதா? தாங்கிகள் வேறாக இருக்கின்றன. 1956இல் அமெரிக்காவில் கதிர்வீச்சால் கிருமி நீக்கப் பார்த்த தகரத்து இறைச்சியில் தப்பிப் பிழைத்திருந்த டைனொகொக்கஸ் பற்றீரியாவுக்குக் கதிர் தேவையே இல்லை. பட்டாலும் சிதைந்த மரபுப்பொருளைத் திருத்திக்கொண்டு எழும்பிவிடும். அதற்குக் 'கதிர்தாங்கி' என்பதே பொருத்தம். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட்டு அடைப்பவர்கள் நிறையப் பேர். நாம் பிரித்தே எழுதலாம்.

'கடும்' என்பதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. கடுமை யாருக்கு? மட்டக்களப்பு வாவியின் கண்டல் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். ஒட்சிசன் இல்லாத கறுப்புச் சேற்றில் சல்பேற்றைக் கொண்டு சீவிக்கும் பற்றீரியாக்களின் வேலை அது. அதே சேற்றில் மெதேன் உண்டாக்கும் ஆர்க்கியாவும் வாழும். அவற்றுக்கு நாம் மூச்சிழுக்கும் காற்றே நஞ்சு. சரி, சொல்லை உண்டாக்கியவர்கள் மனிதர்கள், தங்கள் கணக்கில்தானே வைப்பார்கள்.

இனிக் கிளைச்சொற்கள்: உப்புவிரும்பி, அமிலவிரும்பி, குளிர்விரும்பி, வெப்பவிரும்பி. கடைசியது ஏறக்குறைய 45 பாகை செல்சியசுக்கு மேல் செழிப்பவற்றைக் குறிக்கும். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் போனால் வரும் மகா ஓயா வெந்நீரூற்று 50ஐத் தாண்டும். நமக்குக் கை வைக்க ஏலாத அந்தச் சூடு இவற்றுக்கு இதம். அமெரிக்காவின் யெலோஸ்டோன் ஊற்றுகளில் தொமஸ் புரொக் கண்டெடுத்து 1969இல் விவரித்த தேர்மஸ் அக்குவாட்டிக்கஸ் என்ற பற்றீரியா 70 பாகையில் நன்றாக வளரும். மரபுப்பொருளைப் படியெடுக்கும் அதன் நொதியம் கொதிநிலைக்குக் கிட்டவும் கெடாது. மரபுப்பொருளைச் சுற்றுச்சுற்றாகப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனையில் ஒவ்வொரு சுற்றிலும் 90 பாகைக்கு மேல் சூடாக்க வேண்டும். முதலில் பயன்பட்ட நொதியம் அந்தச் சூட்டில் செத்துவிடுவதால் சுற்றுக்குச் சுற்று புதிதாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். தேர்மசின் நொதியம் வந்த பிறகுதான் ஒருதரம் போட்டுவிட்டுக் கருவியை ஓடவிட முடிந்தது. கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரிகளைச் சோதித்ததும் இந்த முறையில்தான்.