செல்லாதது வேறு, தவறானது வேறு

இணையப் படிவங்களில் சிவப்பு எழுத்தில் வரும் ‘தவறான உள்ளீடு’ என்ற தொடரை முதலில் எழுதிய புண்ணியவான் யாரோ. இப்போது அரசுத் தளம், வங்கிச் செயலி, டிக்கெட் பதிவு என்று ஒன்றும் பாக்கியில்லை. மூலத்தில் இருக்கும் சொல் ‘இன்வேலிட்’. அதற்குத் தமிழ் ‘தவறான’ அல்ல, ‘செல்லாத’.

லத்தீனில் ‘வாலேரே’ என்றால் வலுவாக இருத்தல். அதிலிருந்து வந்த ‘இன்வேலிட்’ வலுவற்றது என்று பொருள்படும். படுக்கையில் கிடக்கும் நோயாளியையும் ஆங்கிலத்தில் அதே எழுத்துக்கூட்டலில் குறித்தார்கள். சட்டத்தில் உயிலும் ஒப்பந்தமும் ‘இன்வேலிட்’ ஆயின. கணினிக்கு வந்தது இந்தச் சட்டப் பொருள்தான். உண்மையா பொய்யா என்ற கேள்வி அதில் இல்லை. விதிப்படி ஏற்கலாமா, கூடாதா என்பது மட்டுமே.

நம்மிடம் செல்லாக்காசு உண்டு, செல்லாத ஓட்டு உண்டு. ஓட்டுச்சீட்டில் முத்திரை இரண்டு சின்னங்களுக்கு நடுவே விழுந்தால் ஓட்டு செல்லாது. அதைத் ‘தவறான ஓட்டு’ என்று எண்ணுகிற மேசையில் யாராவது சொன்னால் கட்சி ஏஜென்டுகள் சும்மா விடுவார்களா?

மார்த்தாண்டம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வயதான அம்மா ஒருவர் வீட்டுத் தீர்வை ரசீதோடு உட்கார்ந்திருந்தார். கதவு எண் 7-43ஏ. பையன் அப்படியே தட்டினான். ‘தவறான உள்ளீடு’ என்று வந்தது. “எனக்க வீட்டு நம்பரு தப்பா மக்களே? காலங்காலமாட்டு இதுதானே!” என்று ரசீதை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் கேட்டதில் என்ன பிசகு? பெயரில் ‘எண்’ இருப்பதால் நிரல் எழுதியவர் அந்தப் புலத்தை, அதாவது நிரப்பும் கட்டத்தை, முழு எண் என்று அறிவித்துவிட்டார். கோடும் எழுத்தும் வந்ததும் சர்வர் மறுத்தது. கொடுத்த தகவல் சத்தியம், வகைதான் பொருந்தவில்லை. மாறாக அவர் வெறும் 743 என்று கொடுத்திருந்தால் படிவம் வாயைத் திறந்திருக்காது. செல்லும், ஆனால் தவறு. இரண்டும் ஒரே சொல்லில் அடங்குமா?

நாகர்கோவிலின் தொலைபேசிக் குறியீடு 04652. இதை, கணினிகள் தகவல் பரிமாறும் எழுத்து வடிவமான ஜேசானில் மேற்கோள் குறியில்லாமல் எண்ணாக அனுப்பினால், பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண்ணை அந்த வடிவம் அனுமதிக்காததால், வாசிப்பே நின்றுபோகும். குறியீடு தவறா? இல்லை, அனுப்பிய வடிவம் செல்லாது.

‘செல்லுபடியாகாத’ என்று நீட்டுகிறவர்களும் உண்டு. அந்தச் சொல் நம் காதில் காலக்கெடுவோடு ஒட்டிக்கொண்டது: லைசென்ஸ் செல்லுபடியாகும் காலம், ரீசார்ஜ் செல்லுபடியாகும் நாள். வகை பொருந்தாத உள்ளீட்டுக்கும் அதைப் போட்டால் கெடு முடிந்துவிட்டது என்றே படிப்பவர் நினைப்பார். ஆங்கிலமும் இங்கே சுத்தமில்லை. ஒரு செயலிக்கு நம் கணக்கைத் தொட அனுமதிச் சீட்டாக ‘டோக்கன்’ தரும் ஓ-ஆத் முறையில், காலாவதியான டோக்கனும் உருக்குலைந்த டோக்கனும் ஒரே ‘இன்வேலிட் டோக்கன்’ தான். அவர்கள் குழப்பியதை நாமும் குழப்ப வேண்டுமா?

என் பெரிய சண்டை ‘வழு’ பற்றியது. கட்டற்ற மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்கள் நிரலில் உள்ள கோளாறான ‘பக்’ என்பதற்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். ‘பிழை’யைத் தொட்டால் தேய்ந்துவிடுமா? வழு என்பது எல்லாக் கோளாறுக்கும் பொதுப்பெயர் அல்ல. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழைச் சொல்லி ‘ஏழும் மயங்கினாம் வழுவே’ என்கிறது நன்னூல். ‘அவள் வந்தது’ என்பது திணை வழு. ஒரு வகைச் சொல் நிற்க வேண்டிய இடத்தில் வேறு வகை வந்து நிற்கிறது. நிரலில் எண் வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் எழும் ‘டைப் எரர்’ இதுதானே! அதற்கு ‘வகை வழு’ என்று எழுதினால் தமிழ் வாத்தியாருக்கும் புரியும், நிரலருக்கும் புரியும்.

‘12’ என்று சரமாக, அதாவது வெறும் எழுத்துக் கோவையாக, வந்ததைச் சில நிரல் மொழிகள் தாமே எண்ணாக்கி ஏற்றுக்கொள்கின்றன. அதற்கும் பெயர் இருக்கிறது: வழுவமைதி. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்றால் உவப்பால் வந்தது என்று இலக்கணம் பொறுத்துக்கொள்ளும். ‘செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்’, அதாவது விடையும் வினாவும் வழுவாமல் காக்க, என்று தொல்காப்பியர் சொன்னதை, மென்பொருள்கள் ஒன்றையொன்று கேட்டுப் பதில் பெறும் வழியை விளக்கும் ஒவ்வொரு ஏபிஐ ஆவணத்தின் தலையிலும் பொறிக்கலாம். அந்த நூலையே ‘அரில் தபத் தெரிந்து’, அதாவது குற்றமறச் சரிபார்த்து, அரங்கேற்றியது அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் என்கிறது பாயிரம். அது எங்கள் விளவங்கோடு பக்கத்து அதங்கோடுதான் என்பது இங்கே எல்லோர் நம்பிக்கையும். அந்த ஊர்ப்பெருமையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை எப்படி முடியும்?

மொழிபெயர்ப்பாளர்களின் மற்ற கைவண்ணங்களில், சர்வர் பதிலோடு அனுப்பும் நிலைக் குறியீடுகளில் ஒன்றான 400-க்கு (‘பேட் ரிக்வெஸ்ட்’) ‘மோசமான கோரிக்கை’ ஒன்று. என்னமோ கலெக்டரிடம் யாரோ கேட்கக் கூடாததைக் கேட்டது போல! வினா உருக்குலைந்து வந்தது என்பதே அதன் பொருள். வடிவம் சரி, உள்ளடக்கத்தைத்தான் ஏற்க முடியவில்லை என்னும் 422-இன் ஆங்கிலப் பெயரில் இருந்த ‘என்டிட்டி’, 2022-இல் வந்த இணையத் தர ஆவணமான ஆர்.எஃப்.சி. 9110-இல் ‘கன்டென்ட்’ ஆகிவிட்டது. அதைக்கூட நம் ஆட்கள் பார்ப்பதில்லை.

2023-இல் வந்த ஆர்.எஃப்.சி. 9457, பிழைச் செய்தியின் விவரப் பகுதி கேட்டவர் திருத்திக்கொள்ள உதவ வேண்டும் என்கிறது. ‘தவறான உள்ளீடு’ யாருக்கு உதவும்? ‘வீட்டு எண்ணில் எழுத்தும் கோடும் செல்லாது’ என்றாவது எழுதியிருக்கலாம். அந்தப் புலத்தைச் சரமாக மாற்றிவிட்டால் அந்த வரியும் வேண்டாம்.

இதைவிடக் கொடுமை, எழுத்தைக் கண்டதும் நிரலே முறிந்து 500 வருவது. குறியீடு 4-இல் தொடங்கினால் அனுப்பியவர் பக்கம் கோளாறு, 5-இல் தொடங்கினால் சர்வர் பக்கம். அந்த 500-க்கும் தமிழில் ‘தவறான உள்ளீடு’ என்றே ஒட்டிவைத்திருக்கும் தளங்களைப் பார்த்திருக்கிறேன்.