காற்றைக் கொழும்பிலேயே இறக்காதீர்கள்

போன சனிக்கிழமை என் டயர் கடையைத் திறந்து அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. ஒரு பழைய ஜீப்பை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார்கள். பின்பக்க வலது டயரின் மேல்தோல் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்திருந்தது. உரிந்த பட்டை சுழன்று அடித்ததில் மட்காட் கிழிந்து, உள்ளே போகிற பிரேக் வயரும் அறுந்து தொங்கியது.

வெள்ளவத்தையில் இருக்கிற குடும்பம். ஏழு பேர், அதில் எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா. உகந்தை முருகன் கோயிலுக்குப் போய், அப்படியே குமனைப் பக்கத்து மணல் பாதைகளையும் பார்த்துவிட்டு வரலாம் என்று புறப்பட்டிருக்கிறார்கள். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில், மத்தளைக்குக் கொஞ்சத் தூரம் இருக்கும்போது டயர் போய்விட்டது. ஓட்டிய தம்பி பதறிப்போய் பிரேக்கை மிதிக்காமல் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறையும்வரை பொறுத்திருக்கிறார். பின்னால் பஸ் எதுவும் நெருங்கி வரவில்லை. ஏழு பேரும் நடந்து இறங்கியது இந்த இரண்டினால்தான்.

இந்த வருஷத்தில் என் கடைக்கு இப்படி வந்த மூன்றாவது வாகனம் இது. மூன்றுக்கும் காரணம் ஒன்றே. இருபத்திரண்டு வருஷமாக டயர் வேலை செய்கிறேன், வருகிற ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லிப் பார்த்துவிட்டேன். இனி எழுதித்தான் பார்க்க வேண்டும்.

அந்த டயரை றிம்மிலிருந்து கழற்றி உள்ளே கையை விட்டேன். விரலெல்லாம் கறுப்புத் தூள், மிளகை அரைத்து அள்ளிப் போட்ட மாதிரி. பக்கச் சுவரின் உள்பக்கத்தில் சுற்றிவர ஒரு வளையம், துணியை ஒரே இடத்தில் ஆயிரம் தடவை மடித்தால் விழுகிற மடிப்புத் தடம் மாதிரி. ஆணி இல்லை, கல் வெட்டிய காயம் இல்லை. காற்றுக் குறைவாக நீண்ட தூரம் ஓடிய டயருக்கு உள்ளேதான் இந்தத் தூளும் இந்த வளையமும் இருக்கும். அது தெரிந்தும், "எவ்வளவு காற்று வைத்திருந்தீர்கள்?" என்று தம்பியிடம் கேட்டேன். (காற்றுக்கு நான் சொல்லப்போகிற எண்கள் எல்லாம் கேஜ் காட்டுகிற பி.எஸ்.ஐ. அளவு.)

"மணல் ரோட் எண்டு சொன்னவை அண்ணை. அதுதான் வெளிக்கிடேக்கையே இருபதுக்கு இறக்கிப் போட்டன்."

மணலில் காற்றைக் குறைக்க வேண்டும் என்பது சரி. ஆனால் மணல் இருப்பது, உகந்தைக்குப் போகிற வழியில் தார் முடிகிற பாணமைக்கு அப்பால். காற்றை இறக்கியது வெள்ளவத்தையில். நடுவில் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் தார் ரோடு, அதிலும் கொட்டாவையிலிருந்து மத்தளைவரை 200 கிலோமீற்றருக்கு மேல் அதிவேகப் பாதை. மணலுக்கென்று செய்த ஏற்பாட்டோடு அந்தத் தார் ரோட்டில் நூறில் ஓடியிருக்கிறார்.

இதற்கு முந்தைய இரண்டு வாகனக்காரர்களும் சொன்ன காரணம் வேறு. "தூரப் பயணம், வெயில் வேறு, டயர் சூடாகிக் காற்று விரியும், அதனால் நாலைந்து குறைத்துப் போட்டோம்" என்றார்கள். இதைக் கேட்டால் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. படித்தவர்கள், வைத்தியர்கள், பொறியியலாளர்கள்கூட இதையே சொல்லி, என் பையன்களிடம் காற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள். எத்தனை தடவை சொன்னாலும் தீராத விஷயம் என்பதால் இதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன்.

சூட்டில் காற்று விரியும் என்பது மெய்தான். காலையில் குளிர்ந்த டயரில் 32 வைத்தால், ஒரு மணித்தியாலம் ஓடிய பிறகு 35, 36 காட்டும். அது டயர் செய்தவருக்கும் தெரியும், வாகனம் செய்தவருக்கும் தெரியும். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் இருக்கும் எண், குளிர்ந்த டயருக்கான எண். சூட்டில் ஏறப்போவதையும் கணக்கில் எடுத்துத்தான் அதைப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் வீட்டில் இன்னொரு தடவை கழிக்கத் தேவையில்லை. டயரின் பக்கச் சுவரில் அது தாங்கக்கூடிய உச்ச அளவும் அச்சிட்டிருக்கும், நம் ஜீப்புகளுக்குப் போடுகிற பல டயர்களில் அது 44, 51 என்று இருக்கும். 36 வந்தால் வெடித்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் அதையும் ஒரு தடவை குனிந்து வாசியுங்கள்.

டயரை வெடிக்க வைப்பது காற்று விரிவதல்ல, சுவர் மடிவது. ஒரு கம்பியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் வேகமாக மடக்கிப் பாருங்கள். மடிகிற இடம் சுடும், கொஞ்ச நேரத்தில் முறிந்துவிடும். டயரும் அப்படித்தான். நிலத்தைத் தொடுகிற இடத்தில் பக்கச் சுவர் மடிந்து, மேலே போனதும் நிமிர்கிறது. 265/65 ஆர் 17 அளவு டயர் நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்குப் பதினொரு தடவைக்கு மேல் சுற்றும். கொட்டாவையில் ஏறி மத்தளையில் இறங்குவதற்குள் ஏறக்குறைய எண்பதாயிரம் மடிப்பு. சரியான காற்று இருந்தால் அந்த மடிப்பு சின்னது, வருகிற சூட்டை டயர் வெளியே விட்டுவிடும். காற்றுக் குறைந்தால் மடிப்பு பெரிதாகிறது, சூடு வெளியே போகிற வேகத்தைவிட உள்ளே பிறக்கிற வேகம் கூடுகிறது. உள்ளே இரும்புக் கம்பிப் பட்டியையும் ரப்பரையும் பிடித்து வைத்திருக்கிற ஒட்டு விடத் தொடங்குகிறது. அப்புறம் மேல்தோல் கழன்று பறக்கிறது. சூட்டுக்குப் பயந்து காற்றைக் குறைத்தவர், குறைத்ததாலேயே சூட்டைக் கூட்டிக்கொள்கிறார்.

இன்னொன்று, வழியில் தேநீருக்கு நிறுத்தி, கேஜ் வைத்துப் பார்த்து, "36 ஆகிவிட்டது" என்று ஊசியை அழுத்தி நாலைந்து இறக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதையும் செய்யாதீர்கள். அந்த டயர் ஆறியதும் 28-க்கும் கீழே போய்விடும். பார்ப்பதென்றால் காலையில், வாகனம் அசைவதற்கு முன் பாருங்கள். காலால் உதைத்துப் பார்ப்பது பார்ப்பதல்ல. ரேடியல் டயர் சரியான காற்றிலும் கீழே கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும், 32-க்கும் 24-க்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. எனக்கே பிடிபடாது, கேஜை வைத்துத்தான் சொல்வேன்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காக இறக்கிக் கொடுக்காதீர்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை பேர், சாமான் எவ்வளவு என்று மூன்று கேள்வி கேட்க ஒரு நிமிஷம் போதும்.

சாமான் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். உகந்தைக்குப் போகிற வண்டியில் ஆட்களோடு பொங்கல் பானை, அரிசி, காஸ் அடுப்பு, கூரையில் தண்ணீர்க் கேன் எல்லாம் ஏறும். பல வாகனங்களின் ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்கென்று பின் டயருக்கு வேறு எண் போட்டிருக்கும். நாளாந்தம் ஒருவர் மட்டும் அலுவலகம் போய்வருகிற எண்ணை வைத்துக்கொண்டு ஏழு பேரோடு கிளம்பினால், யாரும் எதையும் இறக்காமலே காற்றுக் குறைவுதான்.

சரி, மணலுக்கு என்ன செய்வது? பாணமையில் தார் முடிகிற இடத்தில் நிறுத்துங்கள். உகந்தைவரை கிரவல்தான், 25, 26 போதும், கல் குத்துவதும் குறையும், உலுக்கலும் குறையும். உண்மையான மணலில் இறங்கினால் 18. அதிலும் புதைந்தால் 15. அதற்குக் கீழே வேண்டாம், திருப்பத்தில் டயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடும். 18-இல் இருக்கும்போது மணிக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடாதீர்கள். திரும்பி வரும்போது தார் தொடங்குகிற அதே இடத்தில் மறுபடி ஏற்றுங்கள். "பொத்துவிலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால், பொத்துவிலில் பசிக்கும், சாப்பிட்டதும் மறந்துபோகும், மொனராகலை தாண்டியதும் எண்பதில் ஓடுவீர்கள்.

அதற்கு ஒரு நல்ல 12 வோல்ட் கொம்பிரசர் வேண்டும். சிகரட் லைட்டர் துளையில் செருகுகிற சின்னது ஜீப் டயருக்கு ஆகாது. இரண்டாவது டயரிலேயே சூடாகி நின்றுவிடும். பற்றரியில் நேரடியாகக் கவ்வுகிற வகையை வாங்கி, எஞ்சினை ஓடவிட்டு ஏற்றுங்கள். வாங்கியதை வீட்டு வாசலில் ஒரு தடவை பாவித்துப் பாருங்கள், பெட்டியை முதன்முதலாகக் காட்டில் திறக்காதீர்கள். நைட்ரஜன் அடித்திருக்கிறேன், சாதாரணக் காற்றைக் கலக்கலாமா என்று கேட்டு, பயத்தில் ஏற்றாமலே வருகிறவர்களும் உண்டு. தாராளமாகக் கலக்கலாம். நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே 78 வீதம் நைட்ரஜன்தான்.

இந்தக் குடும்பம் ஏன் லொறியில் வந்தது என்று கேட்பீர்கள். ஸ்பெயார் வீல் இருந்தது. வாகனத்துக்கு அடியில் சங்கிலியில் தொங்கியது. கொழும்புக் கடல் காற்றில் அந்தச் சங்கிலியும் அதை இறக்குகிற சாவியும் துருப்பிடித்து ஒன்றாகிவிட்டன. கொதிக்கிற ரோட்டில் படுத்து ஒரு மணித்தியாலம் போராடியும் இறங்கவில்லை. கடையில் நாங்கள் வெட்டித்தான் எடுத்தோம். எடுத்துப் பார்த்தால் அந்த டயரின் சுவரில் 1411 என்று நாலு இலக்கம். 2011ஆம் ஆண்டின் 14ஆவது வாரம் செய்த டயர். மேல்தோலில் வெட்டியிருக்கிற பூக்கள் இன்னும் புதிது மாதிரி இருந்தன, ஒரு நாளும் ரோட்டைத் தொடவில்லை. ஆனால் சுவர் முழுக்க முடி மாதிரி வெடிப்பு. ஓடாவிட்டாலும் ரப்பர் முதுமையடையும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் ஐந்து வருஷம் எல்லோரும் பழைய ஜீப்புகளையே வைத்து ஓட்டினோம். அவற்றில் எத்தனையின் ஸ்பெயார் வீலை யாராவது இறக்கிப் பார்த்திருப்பார்கள்? இன்றைக்கே ஒரு தடவை இறக்குங்கள், சங்கிலிக்குக் கிரீஸ் பூசுங்கள், நாலு இலக்கத்தை வாசியுங்கள். பத்து வருஷம் தாண்டியது என்றால் பேச்சே வேண்டாம், மாற்றுங்கள். ஜக்கோடு ஒரு தடித்த பலகையும் வையுங்கள், மணலில் ஜக் வாகனத்தைத் தூக்காமல் தானே புதையும்.

நாலு சில்லுக்கும் எஞ்சின் இழுவையைக் கொடுக்கிற போர் வீல் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சென்டர் டிஃப், அதாவது முன் சில்லும் பின் சில்லும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பகுதி, இல்லாத பழைய ஜீப்பில், காய்ந்த தார் ரோட்டில் போர் வீலைப் போட்டு ஓடாதீர்கள். அது இழுப்பதற்கு, நிறுத்துவதற்கு அல்ல.

புதைந்த வாகனத்தை இழுப்பது பற்றிக் கெஞ்சிக் கேட்கிறேன். ட்ரெய்லர் பூட்டுகிற உருண்டையில் கயிற்றை மாட்டி இழுக்காதீர்கள். அது நிதானமாக இழுத்துப் போவதற்குச் செய்தது, வெடுக்கென்று வருகிற இழுவைக்குத் தாங்காது. முறிந்தால் இரும்புக் குண்டு கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். வாகனத்தின் சேசிஸ் சட்டத்தோடு போல்ட் போட்ட கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். இழுக்கும்போது பிள்ளைகளைக் கயிற்றின் நீளத்தைவிடத் தள்ளி நிறுத்துங்கள். முடிந்தால் அந்தப் பக்கம் தனி வாகனமாகப் போகவே வேண்டாம்.

பொத்துவிலில் டீசலை நிரப்பிவிடுங்கள். பாணமை தாண்டினால் தொலைபேசி சிக்னலை நம்பாதீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கொழும்பில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, இவை பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும். லகுகல காட்டுப் பகுதியைப் பொழுது சாய்வதற்குள் கடந்துவிடுங்கள், யானை ரோட்டில் நிற்கும். அதற்காக நூற்றிருபதில் பறக்க வேண்டாம், விடியற்காலை மூன்றுக்கே புறப்படுங்கள்.

கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் போகிறவர்கள் இன்னும் ஒன்றை மனதில் வையுங்கள். பாணமையிலிருந்து உகந்தைவரை அடியார்கள் அதே கிரவல் ரோட்டில்தான் நடக்கிறார்கள். பலர் வெறுங்காலோடு, பலர் வயதானவர்கள். பக்கத்தால் போகும்போது வேகத்தைக் குறைத்து, தூசி எழும்பாமல் போங்கள். உகந்தைக்கு அப்பால் காட்டுக்குள் போகிற அவர்களுடைய பாதை கால்நடையாகப் போகிறவர்களுக்கானது, அங்கே ஜீப்பைத் திருப்பாதீர்கள்.

அந்தத் தம்பி அடுத்த மாதம் மறுபடி போகிறாராம். அம்மாவின் நேர்த்தி இன்னும் மிச்சம் இருக்கிறது. நாலு டயரும் ஸ்பெயாரும் புதிதாகப் போட்டாயிற்று, சங்கிலியும் புதிது. ஒரு தாளில் பெரிதாக எழுதி, சாரதிப் பக்க வெயில் மறைப்பின் பின்னால் ஒட்டிக் கொடுத்தேன். கொழும்பில் 34. பாணமை தாண்டி 25. மணலில் 18. திரும்பும்போது பாணமையிலேயே 34. புறப்படுவதற்கு முதல் நாள் மாலை வாகனத்தைக் கடையில் விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். விடியற்காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது நானே கேஜ் வைத்துப் பார்த்துக் கொடுப்பேன்.