பன்னீர் சோடாவுக்கு அடங்காத வலி

மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற மாமா ஒருவர் எனக்கு உண்டு. முதுகுவலிக்கு மெடிக்கலில் சொல்லி வாங்கும் மாத்திரைதான் அவருக்கு தினமும். அதுவும் வெறும் வயிற்றில். ஒருநாள் விடியற்காலை மேல்வயிற்றில் கத்தியைச் சொருகின மாதிரி வலி. வாயு என்று நினைத்து பன்னீர் சோடா குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். உள்ளே அல்சர் புண் முற்றி ஓட்டை விழுந்திருந்தது அப்போது தெரியாது. குடித்த சோடாவும் அந்த ஓட்டை வழியாக, குடல் கிடக்கும் வயிற்றறைக்குள்தான் போயிருக்கும்.

இரைப்பையில் ஊறும் அமிலம் அதன் சுவரையே அரித்துவிடாமல் காப்பது கோழை போன்ற ஒரு பூச்சு. அது சுரக்க, உடம்பே தயாரிக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் வேண்டும். டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் வலியோடு சேர்த்து அதையும் குறைத்துவிடுகின்றன. புண்ணுக்கு இன்னொரு காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984-ல் அதைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் ராபின் வாரனோடு சேர்த்து நோபல் பரிசு.

புண் ஆழமாகி இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ ஓட்டை விழுந்தால், அமிலம் கசிந்து வயிற்றறையின் உள்சவ்வைச் சுடுகிறது. வயிறு பலகை மாதிரி இறுகிவிடும். சில மணி நேரத்தில் உடம்பே நீரைச் சுரந்து அமிலத்தை நீர்க்கச் செய்வதால் வலி கொஞ்சம் தணியும். "சரியாப் போச்சு" என்று ஏமாறுவது இங்கேதான். அப்புறம் கிருமித்தொற்று பரவும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்கு ஆபத்து.

மாமாவைப் பெரியாஸ்பத்திரியில் நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்குக் கீழே, வலது பக்கம், கல்லீரலின் மேல், பிறை போலக் கறுப்பாக ஒரு கோடு. வெளியேறிய காற்று அது. வாய்வழி எதுவும் கிடையாது. மூக்கில் டியூப், கையில் டிரிப்ஸ், ஆன்டிபயாட்டிக், பிறகு ஆபரேஷன்.

ஓட்டையை வெறுமனே இழுத்துத் தைத்தால் ஊறிப்போன சதையை நூல் அறுத்துவிடக்கூடும். கறிக்கடையில் ஆட்டுக்குடலின் மேல் வலை போல வெள்ளைக் கொழுப்புச் சவ்வு கிடக்குமே, நமக்கும் அது உண்டு. அதில் ஒரு துண்டை, ரத்த ஓட்டம் அறாமல் இழுத்து ஓட்டையின் மேல் வைத்துக் கட்டுவார்கள். செல்லன்-ஜோன்ஸ் என்ற அறுவை மருத்துவர் 1929-ல் எழுதிய முறை, இன்றும் ஏறத்தாழ அதேதான். பிறகு வயிற்றறையை லிட்டர் கணக்கில் சலைன் விட்டுக் கழுவுவார்கள். ஓட்டை இரைப்பையில் என்றால், புற்றுநோய் இருக்கிறதா என்று விளிம்பிலிருந்து சதை எடுத்துப் பார்ப்பார்கள்.

மாமா வலி மாத்திரையை விட்டுவிட்டார். பீடியை மட்டும் அத்தைக்குத் தெரியாமல் குடிக்கிறார். அதுவும் புண்ணை ஆறவிடாது.