ரெயின்டீர்: கலைமானா, துருவ மானா?

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் சறுக்கு வண்டி இழுக்கும் ரெயின்டீரைத் தமிழில் பலரும் ‘கலைமான்’ என்று எழுதிவிடுகிறார்கள். அழகான சொல்தான், ஆனால் அதற்கு ஏற்கெனவே உரியவர்கள் இருக்கிறார்கள். ‘இரலையும் கலையும் புல்வாய்க் குரிய’ என்கிறது, விலங்குகளின் மரபுப் பெயர்களைச் சொல்லும் தொல்காப்பிய மரபியல். புல்வாய் என்ற மானின் ஆண் கலை. உழைமானின் ஆணும் கலை. முசுக் குரங்கின் ஆணுக்குக்கூட அந்தப் பெயர் உண்டு. பெண் மான், பிணை.

நம் காட்டுப் புள்ளிமானிலும் கடமானிலும் கொம்பைப் பார்த்தே ஆண் என்று சொல்லிவிடலாம். ரெயின்டீரிடம் அந்தக் கணக்குச் செல்லாது. மான் குடும்பத்தில் பெண்ணுக்கும் கொம்பு முளைப்பது இயல்பாக உள்ள இனம் இது ஒன்றே. முதிர்ந்த ஆண், இணைசேரும் பருவம் முடிந்து குளிர் தொடங்கியதும் கொம்பை உதிர்த்துவிடும். சினையாக இருக்கும் பெண்ணோ, வசந்தத்தில் கன்று ஈனும்வரை கொம்போடு திரியும். ஆக, டிசம்பர் கடைசியில் முழுக் கொம்போடு வண்டி இழுப்பது பிணையாக இருக்கலாம்; அல்லது காயடித்த ஆணாக இருக்கலாம். கலையாக இருப்பது அரிது!

ஆங்கிலப் பெயர் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அதில் ‘ஹ்ரெய்ன்’ என்பதே இவ்விலங்கின் பெயர். பின்னொட்டாக வரும் ‘டீர்’ அந்நாளில் மானை மட்டும் குறிக்கவில்லை. நம் ‘மா’ போல எந்த விலங்குக்கும் பொது. ஆங்கிலத்தில் ‘ரெயின்’ என்றே ஒலிக்கும் மழைக்கும் கடிவாள வாருக்கும் இப்பெயரோடு உறவு கிடையாது.

வட அமெரிக்காவில் இதே இனத்துக்குக் ‘கரிபூ’ என்று பெயர். மிக்மாக் பழங்குடியினரின் சொல், பிரெஞ்சு வழியாகப் பரவியது. பனியைக் காலால் பறிப்பது என்று பொருள். பார்த்து வைத்த பெயர். கோடையில் மெத்தென்றிருக்கும் குளம்பின் அடிப்பகுதி குளிர்காலத்தில் சுருங்கி, கூரிய விளிம்பு வெளியே நீட்டிக்கொள்ளும். பனிக்கு அடியில் இருக்கும் லைக்கன் என்ற பாசி போன்ற உயிரியை மோப்பத்தால் கண்டு, அந்த விளிம்பால் குழி பறித்து மேயும். செட்டிநாட்டு மசாலாவில் சேரும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான்.

நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் ஆகிய இடங்களில் இவற்றை மேய்த்து வாழும் ‘சாமி’ என்ற பழங்குடி மக்களிடம் ஒரே பெயரோடு கதை முடிவதில்லை. கன்று ‘மியெஸ்ஸி’, கன்றோடு இருக்கும் தாய் ‘ஆல்து’, பொலி ஆண் ‘சர்வ்விஸ்’, காயடித்து வண்டிக்குப் பழக்கியது ‘ஹெர்கி’. மரபியல் எழுதியவர் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். சாமி மக்கள் அஞ்சுவது கடுங்குளிருக்கு அல்ல, குளிர்காலத்தில் பெய்யும் மழைக்கு. மழைநீர் உறைந்து நிலத்தின்மேல் பனிக்கட்டித் தகடாக இறுகிவிட்டால் குளம்பால் உடைக்க முடியாது. காலடியில் தீவனம் இருந்தும் மந்தை பட்டினி கிடக்கும்.

தமிழில் என்ன எழுதலாம்? ‘பனிமான்’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நம் மார்கழிப் பனி வேறு, அந்த வெண்பனி வேறு. ‘துருவ மான்’ பொருந்துகிறது. மங்கோலியாவின் வடகோடிக் காடுகளிலும் இது வாழ்கிறதே என்று குறை சொல்லலாம். ஆனாலும் பெரும்பகுதி வடதுருவத்தைச் சுற்றியுள்ள மரமில்லாத தூந்திரச் சமவெளியிலும் ஊசியிலைக் காட்டிலும்தான். கரிபூவை அப்படியே கரிபூ என்று எழுதி, அது வட அமெரிக்கத் துருவ மான் என்று ஒருமுறை விளக்கினால் போதும். கலைமானைப் புல்வாய்க்கே விட்டுவிடலாம்.