216 பீஸ் பெட்டி இருந்தும் ஒரு நட்டு கழலவில்லை

போன வாரம் லடாக் போய்த் திரும்பிய ஃபார்ச்சூனர் ஒன்று பட்டறைக்கு வந்தது. பின்கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது ஒரு பெரிய டூல் பெட்டி. 216 பீஸ். ஒவ்வொன்றும் அதனதன் குழியில், எண்ணெய்க் கறைகூடப் படாமல் அப்படியே இருந்தது. பாங் தாண்டி மோரே சமவெளியில் அவர்களுக்குப் பஞ்சர். சக்கரத்துக்கு ஆறு நட்டு. ஐந்து சாதாரண நட்டு, ஆறாவது திருட்டுக்குப் பயந்து போட்ட லாக் நட்டு. அதைத் திறக்கும் சாவி கோயம்புத்தூரில், வீட்டு அலமாரியில். 4,500 மீட்டருக்கு மேல் உயரம், குளிர்காற்று, வண்டிக்குள் இரண்டு குழந்தைகள். நான்கு மணி நேரம் கழித்து அந்த வழியாக வந்த லாரி டிரைவர் ஒருவர், பழைய பாக்ஸ் (நட்டின் மேல் தொப்பி மாதிரி உட்காரும் சாக்கெட்) ஒன்றை அந்த நட்டின் மேல் சுத்தியலால் அடித்து இறக்கி, குழாய் மாட்டிக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்.

இந்த வருடத்தில் எனக்குத் தெரிந்து இது மூன்றாவது. அதனால்தான் எழுதுகிறேன்.

பீஸ் எண்ணிக்கையைப் பார்த்து டூல் வாங்காதீர்கள். அந்தப் பெட்டியை ஃபார்ச்சூனர்காரர் எதிரிலேயே மேசையில் கொட்டி எண்ணினோம். பாதிக்கு மேல் விரல்நுனி அளவு ஸ்குரூ டிரைவர் பிட்டுகள். அப்புறம் நம் வண்டிகளில் பெரும்பாலும் பொருந்தாத அங்குல அளவு பாக்ஸ்கள். கால் அங்குல ராட்செட்டுக்கான (பாக்ஸைத் திருப்பும் பல்சக்கரக் கைப்பிடி) குட்டி பாக்ஸ்கள் ஒரு வரிசை. அவருடைய வண்டியில் நிஜமாக உட்காரும் சாமான் 23 தான் தேறியது. “இவ்வளவு இருக்கே, போதாதா?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். போதாது. காட்டில் வண்டி நின்றால் உங்களுக்கு வேண்டியது உங்கள் வண்டியின் நட்டுக்கு உட்காரும் ஒரு பாக்ஸ். ஃபார்ச்சூனருக்கு, ஹைலக்ஸுக்கு வீல் நட்டு 21 மில்லிமீட்டர். ஜிம்னிக்கும் பழைய ஜிப்ஸிக்கும் 19. உங்கள் வண்டிக்கு என்ன என்று இப்போதே இறங்கிப் போய்ப் பாருங்கள். ஆறு முனை பாக்ஸாக வாங்குங்கள். பன்னிரண்டு முனை பாக்ஸ் இறுகிய நட்டின் மூலையை மழுக்கிவிடும். மழுங்கிய நட்டை நடுவழியில் யாராலும் சுலபமாகக் கழற்ற முடியாது.

அடுத்தது டயர் கடை ஏர் கன், காற்றழுத்தத்தில் நட்டை முறுக்குகிற மெஷின். வீல் நட்டுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். அரை மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 20 கிலோ அழுத்தினால் வருவது அது. ஏர் கன்னை விடாமல் பிடித்தால் அதைப்போல மூன்று மடங்கு சர்வசாதாரணமாக ஏறிவிடும். வண்டியோடு வந்த, கால் மீட்டர்கூட இல்லாத எல் ஸ்பேனரால் அதைக் கழற்ற 120 கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டும். ஏறி நின்று குதிக்கிறார்கள், ஸ்பேனர் நழுவி முழங்கால் போகிறது. டயர் கடையில் கடைசி முறுக்கைக் கையால் போடச் சொல்லுங்கள். முக்கால் மீட்டர் பிரேக்கர் பார் (பாக்ஸ் மாட்டும் நீளக் கம்பி) ஒன்று வாங்கி வையுங்கள். ராட்செட்டை இதற்கு எடுக்காதீர்கள், உள்ளே பல் உடையும்.

ஸ்பேனரில் 10, 12, 13, 14, 17, 19 இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும். ஆனால் அடிக்கடி வேண்டிய அளவுகளில் இரண்டிரண்டு வேண்டும். போல்ட்டைத் திருப்பும்போது மறுபக்கம் நட்டைப் பிடிப்பது யார்? ஷாக் அப்சார்பர் போல்ட் கழலும்போதுதான் இது எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வைஸ் கிரிப் (பிடித்தால் பூட்டிக்கொள்ளும் குறடு), ஒரு கிலோ சுத்தியல், கட்டுக்கம்பி, ஹோஸ் கிளிப், எம்-சீல், மாற்று ஃப்யூஸ், டெஸ்ட் லைட், டியூப்லெஸ் பஞ்சர் கிட். காற்றடிக்கும் பம்ப்பை நேரே பேட்டரியில் மாட்டுகிற மாதிரி வாங்குங்கள். பெரிய பம்ப்பை சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் ஃப்யூஸ் போய்விடும். லடாக்கின் ஹுண்டர் மணலில் காற்றைக் குறைத்து ஓட்டிவிட்டு, மறுபடி அடிக்க வழியில்லாமல் நிற்பவர்கள் இதனால்தான் நிற்கிறார்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒன்றரை அங்குல கனமுள்ள பலகை கட்டாயம். மணலில் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். கழற்றிய சக்கரத்தையாவது சேஸிஸுக்கு அடியில் படுக்கப் போடுங்கள்.

புதைந்த வண்டியை இழுக்கும்போது டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் கயிறு போடவே போடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அது நேராக இழுத்துச் செல்ல மட்டும் செய்தது. வெடுக்கென்று இழுத்தால் உடையும், உடைந்தால் குண்டு மாதிரி பறக்கும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. சேஸிஸில் இழுப்பதற்கென்றே கொடுத்த கொக்கியில் ஷாக்கிள் (குறுக்கே முள் போட்ட இரும்பு வளையம்) மாட்டுங்கள், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

டூல் பெட்டியைப் பின்சீட்டுக்குப் பின்னால், தரையோடு ஒட்டி, ஸ்ட்ராப் போட்டுக் கட்டுங்கள். 15 கிலோ இரும்பு. வண்டி உருண்டால் உள்ளே இருப்பவர் தலையில்தான் வந்து விழும். ஜாக்கியும் வீல் பாக்ஸும் மூட்டைமுடிச்சை இறக்காமல் எடுக்கிற இடத்தில் இருக்கட்டும்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் நிறுத்தி, கொண்டுபோகப் போகும் சாமான்களை மட்டும் வைத்து ஒரு சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டுங்கள். வண்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும் ஸ்டெப்னி துருப்பிடித்து இறங்காமல் இருப்பதை அன்றைக்குத்தான் பார்ப்பீர்கள். கூட வரும் மனைவியோ மகனோ ஒருமுறை செய்து பார்க்கட்டும். முதல் தடவை முக்கால் மணி நேரம் ஆகும். எந்த டூலுக்குக் கை போனதோ அதைத் தனியே ஒரு கான்வாஸ் பையில் சுருட்டி வையுங்கள். லாக் நட்டு சாவியையும் அதிலேயே போடுங்கள்.