டேரோ சீட்டில் "சிக்ஸ் ஆஃப் பென்டகிள்ஸ்": தமிழில் என்ன சொல்வது?

இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துத் (தொழிலாளர் வரிசை வீடுகள்) தங்கச்சி ஒருத்தி போனில் டேரோ என்ற படச்சீட்டில் பலன் பார்ப்பாள். போன கிழமை அவளுக்கு "சிக்ஸ் ஆஃப் பென்டகிள்ஸ்" விழுந்திருக்கிறது, கீழே தமிழில் "தானம்" என்று ஒரே ஒரு சொல். "அக்கா, எனக்குக் காசு வரப்போகுதா, இல்ல நான்தான் யாருக்கும் குடுக்கணுமா?" என்று வந்து நின்றாள். நல்ல கேள்வி, ஏனென்றால் "தானம்" அதற்குப் பதில் சொல்லாது.

முதலில் பெயர். டேரோ என்பது பிரெஞ்சு உச்சரிப்பு. இத்தாலியில் அது "தரோக்கி", 1505 அளவில் எழுத்தில் வருகிறது. சீட்டுகள் அதற்கும் முந்தியவை, 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் "ட்ரியோன்ஃபி" என்ற பெயரில் விளையாடியவை. ஆமாம், விளையாட்டுத்தான். எகிப்தியரின் பழைய ஞானம் இந்தச் சீட்டுகளில் இருக்கிறது என்று 1781இல் பிரான்ஸில் கூர் து ஜெபலென் எழுதிய பிறகுதான் பலன் பார்க்கும் பழக்கம் பெரிதாகப் பரவியது.

ஒரு கட்டில் 78 சீட்டு. அதில் 56 சீட்டு கோப்பை, வாள், கோல், காசு என்று நான்கு இனமாகப் பிரியும். நான்காவதுக்கு இத்தாலியில் "தெனாரி" என்று பெயர், நேரடியாகவே காசு. "பென்டகிள்" மந்திரத் தகட்டுக்கு வழங்கிய சொல், 1909 கடைசியில் லண்டனில் வெளிவந்த கட்டில் ஆர்தர் எட்வர்ட் வெய்ட் அதைக் காசுக்குப் பெயராக வைத்தார், ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித் ஒவ்வொரு காசிலும் ஐந்துமுனை நட்சத்திரம் வரைந்தார். அதைப் பார்த்து "ஆறு ஐங்கோணங்கள்" என்று மொழிபெயர்ப்பது எனக்குச் சம்மதமில்லை. ஐங்கோணம் வேறு, நட்சத்திரம் வேறு, வரைந்திருப்பது நட்சத்திரம் போட்ட காசு. "காசு ஆறு" என்றாலே போதும். கார்டுக்குச் சீட்டு என்று எழுதுகிறேன், தோட்டத்தில் சீட்டு என்றால் மாதாமாதம் கட்டி எடுக்கும் சீட்டுத்தான் முதலில் ஞாபகம் வரும், அதுவும் கொடுத்து வாங்கும் விஷயம் என்பதால் பொருத்தமாகவே இருக்கிறது.

சரி, பொருளுக்கு வருவோம். படத்தில் வியாபாரி மாதிரி ஓர் ஆள் நிற்கிறான், ஒரு கையில் தராசு, மறு கையால் காசு போடுகிறான், கீழே இரண்டு பேர் முழங்காலில் இருக்கிறார்கள். இந்தத் தராசைத்தான் "தானம்" விட்டுவிடுகிறது. வெசாக் என்ற பௌத்தப் பண்டிகை நேரம் ஹட்டன், நுவரெலியா வீதிகளில் தன்சல் போடுவார்கள், வருகிறவர்களுக்கெல்லாம் இலவசச் சாப்பாடு, சிங்களத்தில் அந்தப் பெயரே தானசாலை என்பதிலிருந்து வந்தது. யாரும் அங்கே முழங்காலில் நிற்பதில்லை, யார் என்று கேட்பதில்லை, தட்டை நிறுத்துப் பார்ப்பதும் இல்லை. அது தானம். இந்தப் படத்தில் ஒருவன் அளந்து கொடுக்கிறான்.

தமிழ் இதை எவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்கிறது தெரியுமா? ஒன்றைக் கேட்பதற்கு ஈ, தா, கொடு என்று மூன்று சொல் உண்டு, தன்னைவிட உயர்ந்தவரிடம் கேட்பவன் "ஈ" என்பான், சமமானவன் "தா" என்பான், மேலே இருப்பவன் "கொடு" என்பான் என்று தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. முழங்காலில் இருக்கும் அந்த இரண்டு பேரின் வாயில் வரும் சொல் "ஈ". அதற்குப் பதிலாகக் கிடைப்பது ஈகை. திருக்குறளோ இன்னும் ஒரு படி போய், வறியவருக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் "குறியெதிர்ப்பை" என்கிறது. அளவு குறித்து வாங்கி அதே அளவு திருப்பிக் கொடுப்பதுதான் குறியெதிர்ப்பை. பக்கத்துக் காம்பிராவில் ஒரு சுண்டு அரிசி வாங்கிச் சம்பளத்தன்று திருப்பிக் கொடுக்கிறோமே, நாம் கைமாத்து என்கிறோமே, அதேதான். அந்தப் பழஞ்சொல் வழக்கில் இல்லாவிட்டாலும் அந்தப் பழக்கம் லயத்தில் ஒவ்வொரு நாளும் நடக்கிறது.

ஆக, தராசோடு கொடுப்பது, வாங்குவது இரண்டையும் சேர்த்துச் சொல்ல நம்மிடம் "கொடுக்கல் வாங்கல்" இருக்கிறது. "அவங்களோட கொடுக்கல் வாங்கல் இல்ல" என்றால் காசு மட்டும் இல்லை, முகம் பார்ப்பதே இல்லை என்று அர்த்தம். உறவையே குறிக்கும் அளவுக்கு அகலமான சொல், இந்தச் சீட்டுக்கு அதைவிடப் பொருத்தமாக எனக்கு வேறு தெரியவில்லை.

சீட்டு தலைகீழாக விழுந்தால் வெய்ட் சொல்வது ஆசையும் பொறாமையும். இப்போது பலன் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கட்டிப்போடும் உதவி, கடன் என்கிறார்கள். நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி முற்பணம் கொடுத்துக் கூட்டிவந்தார், அந்தக் கடன் "துண்டு" என்ற சீட்டில் ஏறியது, புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் இடம் மாறலாம், 1921 வரை அந்தத் துண்டுமுறை இருந்தது. கொடுத்த கைதான் பிடித்தும் வைத்திருந்தது. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கு என்றும் கூடைக்கு என்றும் கிலோ கழிப்பதை அம்மா எத்தனை நாள் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார், எனக்குத் தெரியும். அதனால் இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் தராசுக்குப் போகிறது, அது யார் கையில் இருக்கிறது என்று.

தங்கச்சியிடம் இதைத்தான் கேட்டேன், இந்தப் படத்தில் நீ யார் என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாமாகிட்ட வாங்குன ஐயாயிரம் இன்னும் இருக்கு அக்கா" என்றாள்.